வீடு அடங்கும் நேரம்

அம்மாவுக்கு வீட்டில் கடிகாரம் தேவைப்பட்டதே இல்லை. பெரம்பூரில் தண்டவாளத்துக்கு ஒரு தெரு தள்ளி இருக்கிறது எங்கள் வீடு. விடிவதற்கு முன்னால் முதல் லோக்கல் போகும் சத்தத்தில் எழுந்திருப்பாள். அப்புறம் திருவள்ளூர் வண்டி, அரக்கோணம் வண்டி, எதிர்ப்பக்கம் மூர்மார்க்கெட்டுக்கு ஆள் பிதுங்கப் போகும் வண்டி. காலியாகப் போகிற வண்டிக்கு ஒரு சத்தம், நிறைமாசமாகப் போகிற வண்டிக்கு வேறு சத்தம் என்பாள். அப்பா கேரேஜ் ஒர்க்ஸில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். அவர் பழக்கிவிட்ட காது என்று நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டபோது, "அவருக்கென்ன தெரியும், பெட்டி ரிப்பேர் பண்றவரு. வண்டி போறத வீட்ல உக்காந்து கேட்டவ நானு" என்றாள்.

"ஏழேகால் போயிடுச்சே, இன்னும் அரிசி களையலையா?" பதினைந்து வருஷமாக எங்கள் வீட்டுக் காலைச் செய்தி இதுதான். என் மனைவி பள்ளிக்கு ஓடுவதும், பையன் சைக்கிள் எடுப்பதும், நான் அச்சகத்துக்குக் கிளம்புவதும் அந்தக் குரலை ஒட்டித்தான். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஒரு கண்ணுக்கு அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. இன்னொன்றுக்கு 2020 ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் நாள் குறித்திருந்தார்கள்.

மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை. மக்கள் ஊரடங்கு. மாலை ஐந்து மணிக்குத் தெருவே தட்டைத் தட்டியது. அன்று நள்ளிரவோடு பயணிகள் வண்டி எல்லாம் நின்றுபோனது. செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு மாநிலத்தில் 144 போட்டார்கள். இரவு எட்டு மணிக்குப் பிரதமர் வந்து 21 நாள் என்றார். மறுநாள் காலை அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி இருந்தாள். "இன்னும் விடியலையாடா?" மணி ஏழரை. ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது, அவள் மீதே.

"எழுபத்துநாலு ஸ்ட்ரைக்ல கூட ஒண்ணு ரெண்டு ஓடிச்சு" என்றாள். அந்த வருஷம் மே மாதம் ரயில்வே தொழிலாளர்கள் 20 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அப்பா வீட்டுக்கு வராமல் வியாசர்பாடியில் யார் வீட்டிலோ படுத்திருந்த நாட்கள். அம்மாவுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். பேப்பர் எதுவும் வாங்காமல், காதை வைத்தே வேலை நிறுத்தம் எந்தக் கதியில் இருக்கிறது என்று கணக்குப் போட்டாளாம். ஒரு நாளைக்கு இரண்டு வண்டி, அப்புறம் நான்கு, அப்புறம் ஏழு. வண்டிச் சத்தம் கூடக் கூட வயிற்றைக் கலக்கியது என்பாள். இப்போது ஒன்றுமே இல்லை. கூட்ஸ் மட்டும் ஓடியது. கூட்ஸுக்கு நேரம் காலம் கிடையாது. விடியலில் ஒன்று போகும், அப்புறம் நடுமதியத்தில் ஒன்று. அதை வைத்து உலை வைக்க முடியுமா?

நான் மெய்ப்புத் திருத்துகிறவன். ஊரே நோய்க்குப் பயந்துகொண்டிருந்தபோது எனக்கு அந்தச் சொல்லில் ஒரு தொந்தரவு. ஊரடங்கு. வடாற்காட்டில் எங்கள் பாட்டி வீட்டில் அது ஒரு பொழுதின் பெயர். "ஊரடங்கன பொறவு வா, பேசுவம்" என்பார்கள். விளக்கு வைக்கிற நேரம், கோழி கூப்பிடுகிற நேரம் மாதிரி அதுவும் ஒரு நேரம். கடைசி மாடு கொட்டகைக்கு வந்து, கடைசி வீட்டு அடுப்பு அணைந்து, திண்ணைப் பேச்சு ஓய்ந்து, நாய் சுருண்டு படுத்த பிறகு வருவது. யாரும் உத்தரவு போட்டு ஊர் அடங்காது, களைத்துப்போய் அடங்கும். அந்த ஒரு வேளையின் பெயரை எடுத்து 24 மணி நேரத்துக்கும் ஒட்டிவிட்டார்கள்.

சில பத்திரிகைகள் பொதுமுடக்கம் என்று எழுதின. எனக்கு அது கை கால் விழுந்தவரைச் சொல்வது போலப் பட்டது. கொரோனாவா, கரோனாவா என்று நாளிதழுக்கு நாளிதழ் வேறு. "ஊரடங்கு காலம்" என்று ஒற்றில்லாமல் வந்த பக்கங்களில் எல்லாம் நான் ஒரு க் போட்டுக்கொண்டே இருந்தேன். உலகம் இப்படிக் கிடக்கையில் உனக்கு ஒற்று கேட்கிறதா என்று யாராவது கேட்கலாம்தான். தெரிந்த வேலையைச் செய்தால் மனசு கொஞ்சம் தரையில் நிற்கும், வேறு காரணமில்லை. சமூக விலகல் என்று முதலில் எழுதினார்கள். பிறகு சமூக இடைவெளி. அதிலும் சமூகம் என்ற சொல் உறுத்தியதால் தனிமனித இடைவெளி என்று சிலர் மாற்றினார்கள். இந்த ஒரு திருத்தத்தை நான் மனதார வரவேற்றேன். வாசலில் கால் கழுவிவிட்டு வருவதும், தள்ளி நின்று பொருளைக் கீழே வைப்பதும், எட்டி நின்று பேசுவதும் நம் முன்னோரின் அறிவியல் என்று வாட்ஸப்பில் செய்தி சுற்றிக்கொண்டிருந்த சமயம் அது. யார் யாரை எத்தனை அடி தள்ளி நிறுத்தினார்கள் என்று அந்தச் செய்தியில் இருக்காது. எங்கள் மாமா ஒருவர் அதை மூன்று குழுக்களில் அனுப்பினார். மூன்றிலும் நான் இருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் பிறந்த ஓர் எழுத்தாளரின் நாவலுக்கு அப்போது மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் அவர் சிரித்தார். "உங்களுக்கு இப்பத்தானே ஊரடங்கு. எங்களுக்கு அது சின்ன வயசு தொட்டு இருந்தது." அவருடைய நாவலிலும் அந்தச் சொல் வருகிறது, துப்பாக்கிச் சத்தத்தோடு. அதில் ஒற்றுப்பிழை இல்லை.

அடங்குதல் என்பதற்குக் கொள்ளுதல் என்றும் பொருள் உண்டு. இந்த டப்பாவில் இவ்வளவு அரிசி அடங்குமா என்று கேட்கிறோம் இல்லையா. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, துணி காயப்போடும் அளவுக்கு ஒரு பால்கனி. இதில் நாங்கள் நான்கு பேர் அடங்கித்தான் இருந்தோம், ஆனால் ஒரே நேரத்தில் அடங்கியதில்லை. பகலில் வீடு அம்மாவுடையது. மாலையில் பையனுடையது. இரவில்தான் நான்கு பேருக்கும். ஊரடங்கு வந்த பிறகுதான் தெரிந்தது, இத்தனை வருஷமாக இந்த வீட்டை நாங்கள் ஷிஃப்ட் போட்டுப் பயன்படுத்தி வந்திருக்கிறோம் என்று.

மனைவி ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக் கணக்கு ஆசிரியை. ஏப்ரலில் பாதிச் சம்பளம்தான் வந்தது. ஜூனில் பாடம் மட்டும் முழுசாக நடத்தச் சொன்னார்கள், செல்பேசியில். படுக்கையறையில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு புடவையைத் திரையாகக் கட்டி, எதிரே அரிசி டப்பாமேல் செல்பேசியை நிறுத்தி, பின்னத்தைக் கூட்டவும் கழிக்கவும் சொல்லிக்கொடுத்தாள். சமையலறை இரண்டடி தூரம். ஒருநாள் பாடத்துக்கு நடுவில் ஒரு பெண் குழந்தை, "மிஸ், மூணு விசில் ஆயிடுச்சு" என்றது. எங்கள் வீட்டுக் குக்கரை அந்தப் பிள்ளை அங்கே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. மனைவி நன்றி சொல்லிவிட்டுப் போய் அடுப்பை அணைத்தாள். அன்றிலிருந்து அந்தப் பிள்ளைதான் எங்களுக்கு விசில் கணக்கு. பருப்புக்கு நான்கு என்றுகூட அது தெரிந்துவைத்திருந்தது.

கடைகள் முதலில் மதியம் இரண்டரை வரை. ஏப்ரல் 5 முதல் ஒரு மணி வரைதான். எங்கள் நாளில் மிஞ்சியிருந்த ஒரே மணி அந்த ஒரு மணி. பன்னிரண்டேமுக்காலுக்கு எல்லார் வீட்டிலும் ஏதோ ஒன்று இல்லாதது ஞாபகம் வரும். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு நான் ஓடுவேன். மளிகைக் கடை வாசலில் சுண்ணாம்பு வட்டங்கள்; மழை இல்லாமலே நாலு நாளில் அழிந்துபோய், ஆட்கள் பழைய வட்டத்தின் நினைவில் நின்றார்கள். வீட்டுக்கு வந்தால் வாசலில் மஞ்சள் கரைத்த வாளி, வேப்பிலைக் கொத்து, சோப்பு. பால் பாக்கெட்டைச் சோப்பு போட்டுக் கழுவி, கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்ட நாட்கள் உண்டு. கறிவேப்பிலையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தோம். கத்தரிக்காயைத் துடைத்தோம். அதில் பாதி வீண்வேலை என்று பிறகு சொன்னார்கள். இருக்கலாம். கையில் ஏதோ வேலை இருந்தது.

கையில் வேலை என்றதும் பாத்திரம் ஞாபகத்துக்கு வருகிறது. வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த பெண் வியாசர்பாடியிலிருந்து நடந்தே வருபவர். வெளியாள் யாரையும் மாடிப்படி ஏறவிடக் கூடாது என்று எங்கள் ஆறு வீட்டுக்காரர்களும் சேர்ந்து முடிவெடுத்தோம். எடுத்தவர்களில் நானும் உண்டு. பத்துப் பாத்திரம் என் பொறுப்பானது. முதல் வாரம் எதற்குப் பிறகு எது என்று தெரியாமல் எண்ணெய்ச் சட்டியை முதலில் தேய்த்து, அந்த நாரையே போட்டு டம்ளரைத் தேய்த்து, காபியில் தாளித்த வாசனை வந்தது. அம்மா கட்டிலில் இருந்தபடியே சொன்னாள்: "மொதல்ல டம்ளர். அப்புறம் தட்டு. கரண்டி எல்லாம் ஒரு பிடி. சட்டியில சாம்பார் ஒட்டிக்கிச்சுன்னா வெந்நி ஊத்தி வச்சுட்டுப் போ, அதுவா எறங்கும்." கண் சரியாகத் தெரியாதவள் சத்தத்தை வைத்தே நான் எதைத் தேய்க்கிறேன் என்று கண்டுபிடித்தாள். பால் குண்டானின் அடியில் தீய்ந்த வட்டத்தை நகத்தால் சுரண்டக் கூடாது, கல்லுப்பு போட்டு உள்ளங்கையால் சுற்ற வேண்டும். குக்கரின் ரப்பர் வளையத்துக்குள் ஒரு பள்ளம் இருக்கிறது. பதினைந்து வருஷம் சாப்பிட்டும் அப்படி ஒரு பள்ளம் இருப்பதே எனக்குத் தெரியாது. கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்துத் திரும்பினால் யாரோ டீ குடித்த டம்ளர் வந்து உட்கார்ந்திருக்கும். பாத்திரத் தொட்டி காலியாக இருந்த நேரம் என்று அந்த வருஷத்தில் ஒன்று எனக்கு நினைவில்லை.

அந்தப் பெண்ணுக்கு ஏப்ரலில் முழுச் சம்பளம் கொடுத்தோம். மே மாதம் பாதி. ஜூனில் நாங்களாகக் கூப்பிடவில்லை; அவரும் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை மனைவிக்குப் போன் செய்தார். "அக்கா, ரேஷன்ல ஆயிரம் ரூபா குடுத்தாங்க, அரிசியும் வாங்கிட்டேன். நீங்க நல்லா இருக்கீங்களா? அம்மாவுக்குக் கண்ணு ஆபரேசன் ஆச்சா?" எப்போது வரட்டும் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது, அதனால் அதை எழுதப் போவதில்லை.

மொட்டைமாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்ணீர்த் தொட்டி வழிந்தால் மட்டும் ஏறுகிற இடமாக இருந்தது அது. ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கேற்றச் சொன்னார்கள். ஏற்றுவதா வேண்டாமா என்று எங்கள் ஆறு வீட்டில் மூன்று கட்சி. ஏற்றியவர், ஏற்றாதவர், ஏற்றாமல் வேடிக்கை பார்க்கவந்தவர். கடைசி வகையில் நான். அங்கே போனால், பத்து வருஷம் மாடிப்படியில் "என்ன சார்" என்று மட்டும் சொல்லிக் கடந்தவர்கள் எல்லாரும் லுங்கியும் நைட்டியுமாக நிற்கிறார்கள். தண்டவாளப் பக்கம் சிக்னல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வராத வண்டிக்குச் சிவப்பு.

அதற்குப் பிறகு மாலையில் மாடி நிறைந்தது. ஊருக்குள் திண்ணை போனபோது எங்கே போயிற்றென்று யோசித்ததில்லை. இங்கே மேலே வந்து காத்திருந்திருக்கிறது போல. வீட்டுக்குள்ளும் இல்லாமல் தெருவிலும் இல்லாமல் உட்கார ஓர் இடம். மே மாதம் கத்திரி வெயிலில் பெண்கள் வடகம் போட்டார்கள். முந்தின இரவே ஜவ்வரிசி ஊறவைத்து, விடிவதற்கு முன் கஞ்சியாகக் காய்ச்சி, அரைத்த பச்சை மிளகாயும் பெருங்காயமும் உப்பும் சேர்த்து, ஆறின பிறகு எலுமிச்சை பிழிந்து, பழைய வேட்டியை நனைத்து விரித்து அதில் கரண்டி கரண்டியாக ஊற்றுவார்கள். ஒவ்வொரு வேட்டிக்கும் நடுவில் ஆறடி. யாரும் அளந்து போடவில்லை, ஆனால் ஆறடி. வெயில் ஏற ஏற வெள்ளை வட்டம் ஓரத்திலிருந்து கண்ணாடியாகும். மாலையில் வேட்டியைத் திருப்பிப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். பாதி காய்ந்ததைத் தின்ன பிள்ளைகள் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு நிற்கும். அந்த வருஷம் போட்ட வடகத்தை இரண்டு வருஷம் பொரித்தோம்.

காக்கா விரட்டும் வேலை கீழ்வீட்டு டிரைவர் அங்கிளுக்கு. லோகோ டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். அம்மாவுக்கு அவர் டிரைவர் அண்ணன். அம்மா சொல்கிற நேரத்தில் இரண்டு நிமிஷம் பிசகினால் கீழே இருந்து திருத்துவார். அவர் வீட்டு வாசலில் ஒரு நாற்காலி. வண்டி போனால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். வண்டியில்லாத நாட்களிலும் அதே நாற்காலியில், அதே நேரத்துக்கு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "கூட்ஸ் போகுதும்மா, டபுள் இன்ஜின், ஃபுட் கார்ப்பரேஷன் அரிசியா இருக்கும்" என்று மாடிப்படி வழியாக அம்மாவுக்கு அறிவிப்பார். எங்கள் மண்டலத்தின் எண்ணிக்கையையும் மாநகராட்சிப் பட்டியலைப் பார்த்து அவர்தான் சொல்வார். ராயபுரம் எவ்வளவு, திரு.வி.க. நகர் எவ்வளவு என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி. மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேடு சந்தையை மூடி, காய்கறி திருமழிசைக்குப் போனபோது அவர் தலையை ஆட்டிக்கொண்டு, "இனிமே எக்ஸ்பிரஸ்தான்" என்றார். எண்ணிக்கையைத்தான் சொன்னார்.

பையன் பத்தாம் வகுப்பு. மார்ச் 27ஆம் தேதி தேர்வு தொடங்கியிருக்க வேண்டும். சுவரில் கால அட்டவணை ஒட்டியிருந்தான், பாடத்துக்கொரு நிறத்தில். தேர்வு தள்ளிப்போனது. ஜூன் 1 என்றார்கள். அந்தத் தாளின் மேலேயே இன்னொரு தாளை ஒட்டினான். பிறகு ஜூன் 15 என்றார்கள். அதன் மேல் இன்னொன்று. மூன்று மாதம் அவன் அதே ஐந்து புத்தகங்களைத் திரும்பத் திரும்பப் படித்தான். படித்தது ஏறுவதற்குப் பதிலாக இறங்க ஆரம்பித்ததை நான் பார்த்தேன். மார்ச்சில் மனப்பாடமாக இருந்த தேற்றம் மே மாதம் பாதியில் நின்றது. அம்மா அவனுக்காக ஒரு புத்தி சொன்னாள்: "சோறு வெந்த பிறகும் அடுப்ப எரிச்சா கொழையத்தான் செய்யும்." அவன் சிரிக்கவில்லை. ஜூன் 9ஆம் தேதி தேர்வு ரத்து, எல்லாரும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு எண்பது விழுக்காடு, வருகைக்கு இருபது. தெருவில் பட்டாசு வெடித்தார்கள். இவன் மூன்று தாளையும் சேர்த்து உரித்தான். சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்குப் பழக்க தோஷத்தில் கணக்கு நோட்டைத் திறந்து உட்கார்ந்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தான். முழுப் பென்சிலையும் சீவி முடித்தான்.

ஜூன் 19 முதல் சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் மறுபடி முழு ஊரடங்கு. அதற்கு இரண்டு நாள் முன்பு டிரைவர் அங்கிளுக்குக் காய்ச்சல். வீடு வீடாக வந்து காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா என்று கேட்கும் மாநகராட்சிப் பெண்ணிடம் அவரே சொன்னார், ஒளிக்கவில்லை. ஒளித்தவர்கள் எத்தனையோ பேர். 108 வந்தது. படியிறங்கி, சட்டைப் பையில் கடிகாரத்தையும் கண்ணாடியையும் தடவிப் பார்த்துவிட்டு, தானே ஏறி உட்கார்ந்தார். பார்த்தது மாடியிலிருந்து. யாரும் கீழே இறங்கவில்லை.

அவர் வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். உள்ளே அவர் மனைவியும் மகனும். பிளீச்சிங் பவுடரை வாசலில் இருந்து தெருமுனைவரை வெள்ளையாகத் தூவினார்கள். தூவியவர் கையில் உறை கிழிந்திருந்தது. நாங்கள் என்ன செய்தோம்? அவர்கள் ஜன்னலுக்கு நேர் மேலே இருந்த எங்கள் ஜன்னலைச் சாத்தினோம். மாடிக்குப் போவதை நிறுத்தினோம், அந்தப் படி வழியாகத்தானே போக வேண்டும். சாப்பாடு கொடுத்தோம், அதையும் சொல்ல வேண்டும்: மனைவி இரண்டு வேளையும் சமைத்து, பையில் போட்டு, படியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு மேலே வந்து "அக்கா" என்று குரல் கொடுப்பாள். பாத்திரத்தைத் திருப்பி வாங்கவில்லை. திருப்பித் தர வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டோம், பெருந்தன்மை போல. அடுக்களையில் இருந்ததிலேயே பழைய, நெளிந்த பாத்திரமாகப் பார்த்து எடுத்தது நான்தான்.

ஒன்பதாம் நாள் அவர் இறந்தார். கல்லறைத் தோட்டத்துக்கு மகன் மட்டும் போனான். நான்கு பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்றார்களாம், போனதே ஒருவன். செல்பேசியில் எடுத்து வந்து தன் அம்மாவுக்குக் காட்டினானாம்: தூரத்தில் நீலமும் வெள்ளையுமாக மூடிய உருவங்கள், கயிறு, குழி. அவர் மனைவி தகரத்துக்கு உள்ளே இருந்து ஒப்பாரி வைத்தார். தெருவில் ஒருவரும் போகவில்லை. சாவுக்குப் போகாத தெரு அது இல்லை. இரண்டு வருஷம் பேசாதவன் வீட்டுச் சாவுக்கும் மாலையோடு போய் நிற்கிற தெரு. அன்றைக்கு ஒவ்வொரு வீட்டு ஜன்னலுக்குப் பின்னாலும் ஆள் நின்றோம்.

அடங்கு என்பதிலிருந்துதான் அடக்கமும் வருகிறது. மண்ணுக்குள் வைப்பதற்கும் அதே சொல். ஏப்ரல் 19 இரவு இதே நகரத்தில், நோயில் இறந்த ஒரு மருத்துவரை அடக்கம் செய்யப் போனபோது கூட்டம் கூடி ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தது. கடைசியில் அவருடைய நண்பரான இன்னொரு மருத்துவரே மண்ணை அள்ளிப் போட்டார். ஒரு வாரத்தில், அடக்கம் செய்வதைத் தடுத்தால் மூன்றாண்டு வரை சிறை என்று அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது நாங்கள் எல்லாரும் சீ என்றோம். டிரைவர் அங்கிளும் சீ என்றார். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் பாவிகள், நாம் வேறு என்று ஏப்ரலில் தெளிவாகத்தான் இருந்தது. நாங்கள் கல் எடுக்கவில்லை. ஜன்னலைச் சாத்தினோம்.

ஊர் எட்டு மணிக்கே அடங்கிப்போன அந்த நாட்களில் எங்கள் வீடு அடங்க இரவு பதினொன்றரை ஆகும். மறுநாள் பாடத்துக்கு வீடியோ எடுக்க மனைவிக்குச் சத்தமில்லாத நேரம் வேண்டும். அம்மா தூங்கி, பையன் செல்பேசியை விட்டு, நான் பாத்திரம் கழுவி முடித்து, மின்விசிறியையும் நிறுத்திய பிறகு, வியர்வையோடு உட்கார்ந்து பகா எண்களை விளக்குவாள். முடிந்ததும் மாவை ஒரு தடவை எட்டிப் பார்ப்பாள், பொங்கியிருக்கிறதா என்று. அப்புறம் ஐந்து நிமிஷம் பால்கனியில், துணிகளுக்கு நடுவில், சும்மா நிற்பாள். என்ன என்று ஒருநாள் கேட்டேன். "ஒண்ணுமில்ல. யாரும் எதுவும் கேக்காம அஞ்சு நிமிசம்" என்றாள். பாட்டி வீட்டில் சொன்ன அந்த ஊரடங்கு, எங்கள் வீட்டில் அந்த ஐந்து நிமிஷம்தான். அதற்குள்ளும் நான் போய்க் கேட்டுவிட்டேன்.

2021 மே மாதத்து இரண்டாம் அலை வேறு கணக்கு. அதில் எங்கள் குடும்பத்திலேயே இரண்டு பேர். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

2020 அக்டோபர் தொடக்கத்தில் அத்தியாவசியப் பணியாளர்களுக்கென்று சில லோக்கல் வண்டிகள் விட்டார்கள். நவம்பரில் பெண்கள் ஏறினார்கள். ஆண்கள் ஏற டிசம்பர் கடைசி ஆனது, அதுவும் நெரிசல் நேரம் தவிர. அம்மாவின் இன்னொரு கண்ணுக்கு அப்போதும் நாள் கிடைக்கவில்லை. முதல் வண்டி போன அன்று காலை அவள் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே டிரைவர் அங்கிளின் நாற்காலி மழையில் நனைந்து நிறம் மாறியிருந்தது. அதை எடுத்து உள்ளே வைக்க அவர் வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை.

"இது எந்த வண்டிடா?"

செல்பேசியில் பார்த்தேன். ஸ்பெஷல் என்றுதான் போட்டிருந்தது. பழைய அட்டவணை எதற்கும் பொருந்தவில்லை. தெரியலம்மா என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். கீழே பார்த்து ஏதோ கேட்கப்போகிறவள் போலக் குனிந்தாள், நிமிர்ந்தாள்.

"சரி, ஏழேகால்னே வச்சுக்குவோம். அரிசி களைஞ்சாச்சா?"

மணி ஒன்பதரை. சாதம் வடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. உள்ளே புடவைத் திரைக்குப் பின்னால் பாடம் நடந்துகொண்டிருந்தது. களைஞ்சாச்சும்மா என்றேன்.